மின்னல் தண்ணீரும் தராசக்காவும்

மாணவர் விடுதியில் பரிமாறும் வேலையில் இருந்தவரை தராசக்காவின் கரண்டியை எதிர்த்து யாரும் வாய் திறந்ததில்லை. தட்டை நீட்டுகிறவன் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியவனாக இருந்தாலும் சரி, காய்ச்சலில் எழுந்து வந்தவனாக இருந்தாலும் சரி, ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான். பல்லை இளித்தால் கூட அரைக் கரண்டி விழும் என்று நம்பியவர்கள் இளித்தபடியே நகர்ந்து போனார்கள். ஒருநாள் வார்டனே தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றார். "எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினா வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த தட்டைப் பார்த்தாள். அன்றைக்கு வைத்த பேர்தான் தராசு. வயதுக்கு மரியாதையாக அக்கா பின்னால் ஒட்டிக்கொண்டது. அப்பா அம்மா வைத்த பெயர் அதற்கப்புறம் சம்பளச் சீட்டில் மட்டும்தான் குடியிருந்தது.

வீட்டில் இதைவிடக் கெடுபிடி. அவள் பெற்றது இரட்டைப் பெண்கள். பிறந்த அன்றே ஊர் ஒப்பிட ஆரம்பித்துவிட்டது. எது சிவப்பு, எது சமர்த்து, எது முதலில் சிரித்தது என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டுக் கேட்டு, ஒப்பிடுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாமல் போயிற்று. "ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள். சொன்னதோடு நிற்காமல் நடத்தியும் காட்டினாள். அவித்த முட்டையைத் தையல் நூலால் அறுத்து, பாதி மூத்தவளுக்கு, பாதி இளையவளுக்கு. மஞ்சள் கரு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதைச் சுரண்டி அடுத்த பக்கம் ஒட்டுவாள். இவ்வளவு செய்தும் மூத்தவள் ஒட்டடைக் கம்பு மாதிரி வளர்ந்தாள், இளையவள் உருண்டு திரண்டு நின்றாள். "ஒரே கைதானே போடுது, எப்படி?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், "உடம்பு வாகு" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாள். அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கும் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றியதில்லை.

அவள் கணவர் வண்டி ஹாரன்களைப் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க ஹாரனைக் காதருகே வைத்து அடித்துப் பார்த்ததில் கேட்கும் சக்தி பாதி போய்விட்டது. அதனால் அந்த வீட்டில் ரகசியம் என்று எதுவும் தங்காது. புருஷனிடம் சொல்கிற எதுவும் தெருக்கோடிவரை போய்த்தான் திரும்பும்.

பிறகு விடுதியில், வேண்டியதை அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு புது ஏற்பாடு வந்தது. இதைவிட ஒரு அக்கிரமம் உலகத்தில் உண்டா என்று தராசக்கா வயிறெரிந்தாள். வலுத்தவன் வழித்துக்கொள்வான், கூச்சப்படுகிறவன் பட்டினி கிடப்பான். ஆனால் அவளை யார் கேட்டார்கள்? பிரிவு உபசாரமாக அவளுடைய எவர்சில்வர் கரண்டியையே கழுவித் துடைத்துக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதையும் எடுத்துக்கொண்டு, பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் பசுமைக்குடிலுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே அவளுக்கு வாய்த்த மேலதிகாரி ஒரு டாக்டரம்மா. முப்பது தாண்டி இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அறை முழுக்கத் தேடுகிற ரகம். "செடிக்கு ஊசி போடுற டாக்டரா?" என்று கணவர் கேட்டார். "இல்லைங்க, தண்ணிக்கு மின்னல் குடுக்குற டாக்டர்" என்று இவள் கத்த, எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

சொன்னது நிஜம்தான். குடிலின் மூலையறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதன்மேல் வரிசையாகக் கம்பிகள், பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் கம்பி நுனிகளிலிருந்து தண்ணீர்மேல் ஊதா நிறத்தில் பொடிப்பொடியாக மின்னல் இறங்கும். அறை முழுக்க ஜெராக்ஸ் கடை வாசனை அடிக்கும். இதற்குப் பிளாஸ்மா என்று பெயராம்.

"காத்துல நைட்ரஜன் கொட்டிக் கிடக்கு அக்கா. ஆனா செடியால அதை அப்படியே எடுத்துக்க முடியாது" என்று டாக்டரம்மா முதல்நாளே விளக்கினாள். "இந்த மின்னல் பட்டா அது உடைஞ்சு தண்ணியில கரைஞ்சிடும். செடி அதைக் குடிச்சுக்கும். மூட்டை மூட்டையா உரம் வாங்கிப் போட வேண்டாம்."

"அப்போ இது சத்துத் தண்ணி."

"அப்படித்தான் நான் நம்புறேன். நிரூபிக்கணும்."

நிரூபிப்பதற்கு இரண்டு வரிசை பசலைக்கீரைத் தொட்டிகள் வைத்திருந்தார்கள். ஒரே மண், ஒரே விதை, ஒரே வெயில். வலது வரிசைக்கு மின்னல் தண்ணீர். இடது வரிசைக்குக் குழாய்த் தண்ணீர்.

"இது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று தராசக்கா இடது வரிசையைக் காட்டிக் கேட்டாள்.

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். தமாஷ் என்று நினைத்துவிட்டாள் பாவம். அந்த இடத்தில் சிரிக்காமல் உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னால் வந்த வம்பு வந்திருக்காது. சிரித்துவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "மிஞ்சுற மின்னல் தண்ணியைச் சாக்கடையில ஊத்திடுங்க அக்கா. வச்சிருந்தா வீரியம் குறைஞ்சிடும்."

பக்கத்தில் ஒருத்தி வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்க, சத்துத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவதாம். விடுதியில் ஒரு பருக்கையைக்கூட வீணாக்காத கை அது. கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள். ஊற்றிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் இடது வரிசை தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. இலைக்குக் கண் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பெற்ற வயிறு கேட்கவில்லை.

ஒரு காலையில் மிச்சத் தண்ணீரை இடது வரிசைக்குக் கொஞ்சம் ஊற்றினாள். மறுநாள், மிச்சத்தை மட்டும் போடுவது பந்தி முடிந்தபின் வந்தவனை நடத்துவதுபோல் இல்லையா என்று உறுத்தியது. அதற்கடுத்த நாள் பையிலிருந்து எவர்சில்வர் கரண்டி வெளியே வந்தது. மின்னல் தண்ணீரில் பாதி வலதுக்கு, பாதி இடதுக்கு. குழாய்த் தண்ணீரும் அப்படியே. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரே அளவு, கரண்டி விளிம்பில் ஒரு சொட்டு ஏறாமல் இறங்காமல். அன்று வீட்டுக்குப் போகும்போது அவள் நடையே மாறியிருந்தது.

டாக்டரம்மாவின் நடையும்தான் மாறியது, வேறு விதமாக. தினமும் அளவுகோலோடு வந்து இலைகளை அளப்பாள். இடதும் வலதும் ஒன்றாக வளர்ந்துகொண்டிருந்தன. இயந்திரத்தைக் கழற்றினாள், மாட்டினாள். கம்பியை மாற்றினாள். மண்ணை முகர்ந்து பார்த்தாள். கரண்டி ஒன்றைத் தவிர அந்தக் கட்டடத்தில் அவள் சந்தேகப்படாத பொருள் இல்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. காதல் தோல்வியாக இருக்கும் என்று தராசக்கா முடிவு கட்டினாள். தெம்புக்கு வீட்டிலிருந்து ஒரு அவித்த முட்டை கொண்டுவந்து பாதியைக் கொடுத்தாள். மீதிப் பாதியை எதிர் அறையில் காளான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காளான் டாக்டருக்குக் கொடுத்தாள், ஒருத்தருக்குக் கொடுத்து ஒருத்தருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாதே.

அந்தக் காளான் டாக்டர்தான் டாக்டரம்மாவுக்கு எமன் என்பது இவளுக்குத் தெரியாது. மின்னல் அறைமேல் அவருக்கு நெடுநாளாகக் கண். இந்த அறுவடையில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் இயந்திரம் கிடங்குக்குப் போகும், அறை காளானுக்குப் போகும், டாக்டரம்மா வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். டாக்டரம்மா வருஷக்கணக்காக இதற்காகவே உயிரை விட்டுக்கொண்டிருந்தவள். காளான் டாக்டரோ முட்டையைத் தின்றபடியே அறையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

அறுவடை நாள் வந்தது. இயக்குநர் வந்தார், காளான் டாக்டர் வந்தார். கீரையை வெட்டி எடை போட்டார்கள். இயக்குநர் எடையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. ரெண்டு வரிசையும் அச்சு அசல் ஒண்ணு. குழாய்த் தண்ணிக்கும் உங்க தண்ணிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லம்மா."

டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஆனால் தராசக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பெரிய மனுஷர் வாயால் அவள் கைக்கு இப்படி ஒரு நற்சான்று இதுவரை கிடைத்ததில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நம்ம கையில போனா அப்படித்தான் சார் இருக்கும். மின்னல் தண்ணியும் சரிபாதி, குழாய்த் தண்ணியும் சரிபாதி. ஒரு கரண்டி ஏறாது, ஒரு கரண்டி இறங்காது."

எடையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"என்ன கரண்டி?" என்றாள் டாக்டரம்மா.

தராசக்கா பெருமையாக எடுத்துக் காட்டினாள். டாக்டரம்மா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் விளங்கவில்லை. அவளுக்கே விளங்கியிருக்காது.

இயக்குநர் குதித்தார். இந்த அம்மாவை இன்றைக்கே கணக்கு முடித்து அனுப்புங்கள் என்றார். பாராட்டு வரும் என்று நின்றவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது வாளிமேலிருந்து டாக்டரம்மா எழுந்தாள்.

"சார், இன்னும் ஒரு தடவை விதைக்க விடுங்க. கீரைதானே, சீக்கிரம் வந்துடும். ஆனா தண்ணி ஊத்துறது இவங்கதான்."

"உங்களுக்குப் பைத்தியமா?"

"ரெண்டு வரிசையும் எடையில ஒண்ணா இருக்கு, நீங்களே சொன்னீங்க. இவ்வளவு நிதானமா ஊத்துற கை எனக்கு எங்க கிடைக்கும்? இந்தக் கை சொன்னபடி கேட்டா போதும்."

இயக்குநர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "சரி. இன்னொரு தடவை இப்படி நடந்தா ரெண்டு பேரும் வெளியே" என்று சொல்லிவிட்டுப் போனார். காளான் டாக்டர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

முதலில் டாக்டரம்மா ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். பச்சைக் கேனில் ஒன்று, மஞ்சள் கேனில் ஒன்று, எதில் எது என்று சொல்லமாட்டேன் என்றாள். தராசக்கா மஞ்சள் கேனை மூக்கருகே கொண்டுபோய், "இதான் ஜெராக்ஸ் கடை" என்றாள். அந்தத் திட்டம் அத்தோடு முடிந்தது.

"அக்கா, இடது வரிசை பசியா இருந்தாத்தான் வலது வரிசை வளர்ந்ததுக்கு அர்த்தம் இருக்கு" என்றாள் டாக்டரம்மா. "ரெண்டுக்கும் குடுத்துட்டா, இந்தத் தண்ணியால ஒண்ணும் ஆகலன்னு ஆயிடும். ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

தராசக்கா தலையாட்டினாள். தலைதான் ஆடியது, மனசு ஆடவில்லை.

அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டு மேஜையில் நடந்ததையெல்லாம் கணவருக்குக் கத்திச் சொல்லி முடித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. "சமமாக் குடுத்தது ஒரு குத்தமா? உங்களையெல்லாம் நான் அப்படித்தானே வளர்த்தேன்? ஒரு வாய் கூடக் குறையப் போட்டிருப்பேனா?" என்று பெண்களைப் பார்த்தாள்.

இரட்டையர் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செருப்புக் கடையில் வேலை பார்க்கும் மூத்தவளுக்கு ஒளித்து வைத்துப் பழக்கமில்லை.

"அம்மா, கோவப்படாதே. நீ போட்டதுல பாதி எனக்கு எப்பவுமே அதிகம்மா. மிச்சம் மேஜைக்கு அடியில இவ தட்டுக்குப் போயிடும்."

"எப்போ?"

"எப்பவும்."

"எத்தனை நாளா?"

"பல்லு முளைச்ச நாள்லேர்ந்து இருக்கும்" என்றாள் இளையவள், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. "எனக்குப் பசிக்கும்மா. கேட்டா நீ எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்லுவே."

"முட்டைகூடவா?"

"என் முட்டையும் அவளுக்குத்தான் போச்சு" என்று கணவர் முழங்கினார். அவருக்கு இது மட்டும் எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை.

தராசக்கா கரண்டியும் கையுமாக நின்றாள். நூல் வைத்து அறுத்த முட்டைகள் எல்லாம் கண்முன் வந்து போயின. ஒட்டடைக் கம்பும் உருண்டைப் பெண்ணும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். உடம்பு வாகாம். ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாளே, மேஜைக்கு அடியில் ஒருநாள் குனிந்து பார்த்தாளா? நாற்காலியை இழுத்துத் தொப்பென்று உட்கார்ந்தாள். டாக்டரம்மா ஏன் வாளிமேல் உட்கார்ந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூத்தவள் எழுந்து வந்து தோளைத் தொட்டாள். "நீ சமமாத்தாம்மா போட்டே. எங்க பசிதான் சமமா இல்ல."

தராசக்கா கரண்டியை மேஜைமேல் வைத்தாள். முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது. கணவர் தன் தட்டிலிருந்து முட்டையை எடுத்து இளையவள் தட்டில் வெளிப்படையாகவே வைத்தார்.

இரண்டாம் விதைப்பு முளைத்தது. இந்த முறை தராசக்கா சொன்னபடி ஊற்றினாள். வலதுக்கு மின்னல், இடதுக்குக் குழாய். அதே கரண்டி, அதே அளவு. மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்ப்பாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. சாக்கடை ஓரத்துப் புல் மட்டும் கரும்பச்சையாகக் கொழுத்து வழியை மறித்தது. இந்தக் களவாணிப் புல்லுக்குக் கிடைப்பது பெற்ற பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்று அதை ஒரு மிதி மிதித்துவிட்டு வருவாள்.

நாள் ஆக ஆக வலது வரிசை அகல அகலமாக இலை விரித்தது. இடது வரிசை ஒல்லியாக, வெளிறி நின்றது. ஒரு காலையில் அதன் கீழ் இலைகள் மஞ்சளடிக்க ஆரம்பித்திருந்ததைப் பார்த்தாள். கையில் மிச்சத் தண்ணீர் வாளி. டாக்டரம்மா இன்னும் வரவில்லை. குடிலில் ஒரு ஈ காக்கை இல்லை.

கரண்டியில் மொண்டாள். இடது வரிசையின் முதல் தொட்டிக்கு மேலே கரண்டி போய் நின்றது. கொஞ்சம் சாய்த்தால் போதும். யாருக்குத் தெரியப் போகிறது? அவளுக்கும்தான் இத்தனை காலம் தெரியவில்லை. தெரியாமலே ஊரெல்லாம் போய் உடம்பு வாகு, உடம்பு வாகு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். டாக்டரம்மாவையும் அப்படித் திரிய விடுவதா?

"என்னை மன்னிச்சுடு தாயி" என்று அந்தச் செடியிடம் வாய்விட்டே சொன்னாள். கரண்டியை வாளியில் கவிழ்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு சாக்கடைக்கு நடந்தாள். அன்றைக்குப் புல்லை மிதிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மறுபடியும் அறுவடை. மறுபடியும் தராசு. இந்த முறை இயக்குநர் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை. வலது வரிசைக் கீரை கூடையில் அடங்கவில்லை, இடது வரிசைக் கீரை கூடையின் அடியில் கிடந்தது. இலையில் சத்தும் கூடுதல் என்று பரிசோதனைக் கூடத்திலிருந்தும் சேதி வந்தது. டாக்டரம்மா தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடினாள், பிறகு தேடுவதை விட்டுவிட்டு அழுதாள். இந்தத் தடவை அழுகைதான், சந்தேகமில்லை. இயந்திரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார் இயக்குநர். காளான் டாக்டர் சாக்கடை ஓரத்துப் புல்லைக் காட்டி, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அவர் பையில் இருந்த டேப்பை யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் வலது வரிசையைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இடது வரிசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. தொட்டிகளில் வெட்டிய தூர்கள் குட்டையாக நின்றன.

"டாக்டரம்மா, கணக்கெல்லாம் முடிஞ்சுதா?" என்று தராசக்கா கேட்டாள்.

"முடிஞ்சுது அக்கா."

"நல்லா முடிஞ்சுதா? இனிமே யாரும் எதையும் எடை போட வரமாட்டாங்களே?"

"வரமாட்டாங்க. ஏன் அக்கா?"

தராசக்கா இடது வரிசையைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் பார்த்தாள். பிறகு மூலையறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினாள். பெட்டி உறுமியது, ஊதா மின்னல் இறங்கியது, ஜெராக்ஸ் கடை வாசனை எழுந்தது. தொட்டி நிறைய நிறைய ஆக்கி, முழுவதையும் வாளிகளில் பிடித்து அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

தராசக்கா கரண்டியை எடுத்தாள். ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு, ஜன்னல் திட்டில் வைத்தாள். வாளியை இரண்டு கையாலும் தூக்கி இடது வரிசைத் தொட்டிகளுக்கு ஊற்றினாள். வாடிய தூருக்கு நிறைய, வாடாத தூருக்குக் கொஞ்சம். அளவு ஏது, கணக்கு ஏது. தண்ணீர் வழிந்து அவள் காலை நனைத்தது.

வலது வரிசைத் தூர்களும் பக்கத்திலேயே நின்றன. அவற்றுக்கு ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, மனசார, எல்லோரும் பார்க்கும்படி ஓரவஞ்சனை செய்தாள்.

"உனக்குத்தான் வயிறு நிறைஞ்சிருக்கே. இன்னைக்கு அவ சாப்பிடட்டும்" என்று வலது வரிசையிடம் சொல்லிவிட்டு, அடுத்த வாளியைத் தூக்கினாள்.